ஒரே ஆண்டில் சாவி வாங்கியவர்கள்: சிங்கப்பூரின் கிழக்குக் கரையும் வயதுக் கணக்கும்

சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் பேஷோர் என்று ஒரு புதிய குடியிருப்புப் பேட்டை எழும்பப் போகிறது. கடலைத் தூர்த்து எடுத்த நிலம், சுமார் 60 ஹெக்டர். மொத்தம் ஏறக்குறைய 10,000 வீடுகள் வரும், அதில் 7,000 வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் என்ற அரசு அமைப்பு கட்டும்) வீடுகள், மிச்சம் தனியார். 2024 அக்டோபரில் முதல் இரண்டு பிடிஓ திட்டங்கள் (முதலில் விண்ணப்பம் வாங்கி, பிறகு கட்டித்தரும் வீவக வீடுகள்) விற்பனைக்கு வந்தபோது விலை என்ன, எந்த மாடியிலிருந்து கடல் தெரியும், எம்ஆர்டி ரயில் நிலையம் எவ்வளவு பக்கம் என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள். பேசவேண்டிய விஷயங்கள்தான். ஆனால் அங்கே குடிவரப் போகிறவர்களின் வயது என்ன, இருபது வருடம் கழித்து அந்த வயது என்னவாக இருக்கும், நாற்பது வருடம் கழித்து என்னவாகும் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேச்சு இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் ஒரு புதிய பேட்டையைப் பற்றி முன்கூட்டியே ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். வீட்டு விலை எப்படிப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, இன்று முப்பது வயதானவருக்கு 2060-இல் என்ன வயது என்பதை யார் வேண்டுமானாலும் சொல்லலாம்.

இதைப் புரிந்துகொள்ள மற்ற நாடுகளுக்குப் போக வேண்டியதில்லை. சிங்கப்பூரின் கிழக்கிலும் வடகிழக்கிலும் கடலோரமாகவே போனால் மரீன் பரேட், பேஷோர், பாசிர் ரிஸ், பொங்கோல் என்று நான்கு பேட்டைகள் இருக்கின்றன. மரீன் பரேட் 1970-களில் வந்தது, பாசிர் ரிஸ் 1980-களின் கடைசியில் தொடங்கி 90-களில் நிரம்பியது, பொங்கோல் 2000-க்குப் பிறகு, பேஷோர் இனிமேல்தான். நான்கும் ஏறக்குறைய ஒரே விதிகளின்படி நிரப்பப்பட்டவை, நிரப்பப்படப் போகிறவை. அதனால் ஒன்றின் இன்றைய நிலை இன்னொன்றின் நாளைய நிலையை நன்றாகவே காட்டிக்கொடுக்கிறது.

அந்த விதி என்ன? சிங்கப்பூர்வாசிகளில் முக்கால் பங்குக்கும் மேற்பட்டோர் வீவக வீடுகளில்தான் இருக்கிறார்கள். புதிய வீடு வேண்டுமென்றால் வரிசையில் நிற்கத் தகுதி வேண்டும்: பெரும்பாலும் திருமணமானவர்கள், அல்லது திருமணம் செய்துகொள்ளப் போகும் ஜோடிகள். தனியாட்களுக்கு 35 வயதாக வேண்டும், அவர்களுக்கும் 2013 வரை நேரடியாக வீவகவிடமிருந்து புது வீடு கிடைக்காது, மறுவிற்பனைச் சந்தைதான். ஆக, ஒரு புதுப் பேட்டையில் சாவி வாங்க வருபவர்களில் பெரும்பகுதியினர் இருபதுகளின் கடைசியிலும் முப்பதுகளிலும் இருக்கும் புதுத் தம்பதியர். இது இயற்கை அல்ல, தற்செயலும் அல்ல, விண்ணப்பப் படிவத்தில் எழுதியிருக்கும் நிபந்தனையின் விளைவு. ஒரே வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் ஒன்றாகவே மேல்வகுப்புகளுக்குப் போவதுபோல, ஒரே ஆண்டில் சாவி வாங்கியவர்கள் ஒன்றாகவே பெற்றோராகி, ஒன்றாகவே ஓய்வுபெற்று, ஒன்றாகவே முதுமையை அடைகிறார்கள்.

மக்கள்தொகை முன்கணிப்பு செய்பவர்கள் பயன்படுத்தும் முறை கேட்க எளிமையானது. இன்று ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் எல்லோருக்கும் ஒரு வயது கூட்ட வேண்டும், இறப்பு விகிதத்தின்படி சிலரைக் கழிக்க வேண்டும், பிள்ளை பெறும் வயதிலிருக்கும் பெண்களின் எண்ணிக்கையை வைத்துப் பிறப்புகளைச் சேர்க்க வேண்டும், உள்ளே வருபவர்களையும் வெளியே போகிறவர்களையும் வயதுவாரியாகக் கூட்டிக் கழிக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு நாட்டுக்கு இதைச் செய்தால் பிறப்பும் இறப்பும்தான் பெரிய எண்கள். ஒரு புறநகர்ப் பேட்டைக்குச் செய்தால் கதை தலைகீழ்: குடிவரவும் குடிபெயர்வும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும், அதிலும் காலி நிலத்தில் எழும்பும் பேட்டையில் எந்த ஆண்டு எத்தனை வீட்டுச் சாவி கைமாறுகிறது என்ற கட்டுமான அட்டவணைதான் முன்கணிப்பின் முதுகெலும்பு.

ஆயிரம் வீடு கொண்ட ஒரு கற்பனைத் தொகுப்பை வைத்துப் பார்க்கலாம். ஒரே ஆண்டில் ஆயிரம் ஜோடிகள் வருகிறார்கள், எல்லோருக்கும் 30 வயது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் மக்கள்தொகை 2,000. எத்தனை பிள்ளைகள் பிறக்கும்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சிங்கப்பூரின் மொத்தக் கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள், 2023-இல் 0.97-க்கு இறங்கிவிட்டது, எல்லாச் செய்தித்தாள்களிலும் வந்த எண். அதை எடுத்து இங்கே பொருத்தினால் ஆயிரம் வீட்டுக்கு 970 பிள்ளைகள் என்று வரும். தவறு. அந்த 0.97 திருமணமாகாத பெண்களையும் சேர்த்துக் கணக்கிட்டது. புதுப் பேட்டையில் குடிவருபவர்களோ ஏறக்குறைய எல்லோரும் திருமணமானவர்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், திருமணமான பெண்களில் 40 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களுக்குச் சராசரியாக 1.76 பிள்ளைகள் இருந்தார்கள். அடுத்த தலைமுறையில் அது குறையும்தான், ஆனாலும் ஒன்றரை என்று வைத்தால் 1,500 பிள்ளைகள். 970-க்கும் 1,500-க்கும் உள்ள வித்தியாசம், ஆயிரம் வீட்டுக்கே இப்படியென்றால், பல ஆயிரம் வீட்டுக்கு ஒரு முழுத் தொடக்கப்பள்ளியையே விழுங்கிவிடும்.

சரி, கணக்கைத் தொடர்வோம். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஆயிரம் வீட்டில் 3,500 பேர். கிட்டத்தட்ட இருபது வருடம் இந்த எண் அசையாமல் நிற்கும், உள்ளே வயது மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். பாலர் பள்ளிக்குப் பதில் துணைப்பாட நிலையம், விளையாட்டுத் திடலுக்குப் பதில் கூடைப்பந்துத் தளம். பிறகு பிள்ளைகள் தங்கள் சொந்த வீட்டுக்குச் சாவி வாங்கிக்கொண்டு, பெரும்பாலும் வேறொரு புதிய பேட்டைக்கு, கிளம்புவார்கள். நாற்பதாவது ஆண்டில் அதே ஆயிரம் வீட்டில் 2,000 பேர், எல்லோருக்கும் வயது 70. ஐம்பதைத் தாண்டும்போது பல வீடுகளில் ஒருவர் மட்டும். கட்டடம் ஒன்றுதான், வீடுகளின் எண்ணிக்கையும் அதேதான், மக்கள்தொகையோ பாதிக்கும் கீழே வந்துவிட்டது. "இத்தனை வீடு கட்டினோம், அதனால் இத்தனை பேர்" என்ற நேர்க்கணக்கு எந்தப் பேட்டைக்கும் நிரந்தரமாகப் பொருந்தாது. சிங்கப்பூரில் ஒரு குடும்பத்தின் சராசரி அளவு 1990-இல் 4.2, 2010-இல் 3.5, 2020-இல் 3.22. அதே மக்களுக்கே ஒவ்வொரு பத்தாண்டும் கூடுதல் வீடு தேவைப்படுகிறது என்று இதற்கு அர்த்தம்.

இந்தக் கற்பனைக் கணக்கை ஏறக்குறைய அப்படியே மரீன் பரேட்டில் பார்க்கலாம். 1966-இல் கிழக்குக் கரையைத் தூர்க்கும் வேலை தொடங்கியது, பிடோக், சிக்லாப் பக்கத்துக் குன்றுகளை வெட்டிக் கொண்டுவந்து கடலில் கொட்டினார்கள். அப்படி எடுத்த நிலத்தில் 1970-களில் எழுந்ததுதான் மரீன் பரேட், முழுக்க முழுக்கத் தூர்த்த நிலத்தின்மேல் கட்டிய முதல் வீவக பேட்டை. அன்று குடிவந்தவர்கள் இளம் குடும்பங்கள். பின்னாளில் பிரதமரான கோ சோக் டோங் 1976-இல் தம் 35-ஆம் வயதில் அந்தத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார், 2020-இல் 79 வயதில் அரசியலிலிருந்து ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்தார். தொகுதியும் அதே வேகத்தில்தான் மூத்தது. 2020 கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகளில் 65 வயதைத் தாண்டியவர்கள் 15.2 விழுக்காடு, 2010-இல் இது 9 விழுக்காடாக மட்டும் இருந்தது. மரீன் பரேட்டில் முதியோரின் பங்கு இந்தச் சராசரியைவிட நன்றாகவே மேலே.

இதன் விலை எங்கே தெரிகிறது என்றால், மின்தூக்கியில் தெரிகிறது. பழைய வீவக கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது, சில மாடிகளில் மட்டும் நின்று, மற்றவர்கள் ஒரு மாடி இரண்டு மாடி படியேறவோ இறங்கவோ வேண்டும். முப்பது வயதுக் குடும்பத்துக்கு அது ஒரு பொருட்டே அல்ல, எழுபது வயதில் அது வீட்டுச் சிறை. 2001-இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் அதைச் சரிசெய்யத் தீவு முழுவதும் பத்தாண்டுக்கும் மேல் எடுத்துக்கொண்டது. 2012-இல் குளியலறையில் பிடிமானக் கம்பி, வழுக்காத தரை, வாசலில் சாய்தளம் எல்லாம் மானியத்தோடு பொருத்தித்தரும் திட்டம் வந்தது. இரண்டுமே நல்ல திட்டங்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் எல்லா மாடியிலும் மின்தூக்கியை நிறுத்துவது கட்டும்போதே செய்திருந்தால் எவ்வளவு மலிவு என்று நினைத்துப் பாருங்கள். அந்த மக்களுக்கு வயதாகும் என்பது 1975-இலேயே தெரிந்த செய்திதானே.

நடு வயதுக்கு எடுத்துக்காட்டு பாசிர் ரிஸ். 2020-இல் அங்கே சுமார் 1.47 லட்சம் பேர், வெறிச்சோடிப்போன பேட்டை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் 2017 ஏப்ரலில் கல்வி அமைச்சு ஓர் அறிவிப்பு வெளியிட்டது: மாணவர் எண்ணிக்கை குறைந்துவருவதால் 2019-இல் 28 பள்ளிகள் ஜோடி ஜோடியாக இணைக்கப்படும். ஏழு ஜோடி தொடக்கப்பள்ளிகள், மூன்று ஜோடி உயர்நிலைப்பள்ளிகள், நான்கு ஜோடி தொடக்கக் கல்லூரிகள். அந்த ஏழு தொடக்கப்பள்ளி ஜோடிகளில் இரண்டு பாசிர் ரிஸில்: கோரல் பள்ளியும் வைட் சேண்ட்ஸ் பள்ளியும், கேஷுரினா பள்ளியும் லோயாங் பள்ளியும். 90-களில் சாவி வாங்கிய தம்பதியரின் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், அதே வீட்டில் அதே பெற்றோர் இருக்கிறார்கள், ஆறு வயதுப் பிள்ளைதான் இல்லை. அதே காலத்தில் கொஞ்சம் தள்ளிப் பொங்கோலில் புதிதுபுதிதாகத் தொடக்கப்பள்ளிகள் திறந்துகொண்டிருந்தன. ஒரு பக்கம் பள்ளிப் பெயர் மறைந்துபோகிறதே என்று முன்னாள் மாணவர்களின் வருத்தம், இன்னொரு பக்கம் வீட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளியில் இடம் கிடைக்குமா, குலுக்கலுக்குப் போகுமா என்று பெற்றோரின் பதற்றம். இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முனைகள்.

பொங்கோலின் கதைதான் எல்லாவற்றிலும் படிக்கப் படிக்கச் சுவாரசியமானது, அதனால் அதில் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கிறேன். ஒரு காலத்தில் மீன்பிடிக் கிராமம், பன்றிப் பண்ணைகள், கரையோரக் கடலுணவுக் கடைகள். பண்ணைகள் 1980-களின் முடிவோடு போய்விட்டன. 1996 தேசிய தினப் பேரணி உரையில் அதே கோ சோக் டோங், அப்போது பிரதமர், "பொங்கோல் 21" திட்டத்தை அறிவித்தார்: இருபத்தோராம் நூற்றாண்டுக்கான கடலோர நகரம். அடுத்த ஆண்டே ஆசிய நிதி நெருக்கடி. வீடு வாங்க வரிசையில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள், வீவக கையில் விற்காத வீடுகள் குவிந்தன. ஆனால் மக்கள்தொகை முன்கணிப்பை நம்பிப் போட்ட ரயில் திட்டம் நிற்கவில்லை. வடகிழக்கு எம்ஆர்டி தடம் 2003 ஜூனில் பொங்கோல்வரை வந்துவிட்டது. இலகு ரயிலின் கிழக்கு வட்டம் 2005 ஜனவரியில் திறந்தது. மேற்கு வட்டம் கட்டியும் ஆள் இல்லாமல் 2014 ஜூன்வரை காத்திருந்தது, அதிலிருந்த டெக் லீ நிலையம் 2024 ஆகஸ்டில்தான் கதவைத் திறந்தது.

முன்கணிப்பு பொய்த்துவிட்டது என்று இதைச் சொல்லலாமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எவ்வளவு பேர் வருவார்கள் என்பது ஏறக்குறைய சரி, எப்போது வருவார்கள் என்பதுதான் தவறு. புறநகர் முன்கணிப்புகள் அடிக்கடி தடுமாறும் இடம் இதுதான், வயதோ வீட்டுக்கு எத்தனை பேர் என்பதோ அல்ல, காலம். நெருக்கடி, வட்டி விகிதம், தொற்றுநோயால் நின்ற கட்டுமானம், எதுவாக இருந்தாலும் அட்டவணையைத்தான் முதலில் தாக்கும். 2010-இல் பொங்கோலில் சுமார் 60,000 பேர் இருந்தார்கள். 2007-இல் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் திட்டத்துக்குப் புத்துயிர் கொடுத்தார், 2011-இல் 4.2 கிலோமீட்டர் நீர்வழி திறந்தது, அதே ஆண்டு பொதுத் தேர்தலில் வீட்டுப் பற்றாக்குறை பெரிய பிரச்சினையாக வெடித்தபிறகு புதிய அமைச்சர் கோ பூன் வான் ஆண்டுக்கு 25,000 பிடிஓ வீடுகள் என்று வேகத்தை ஏற்றினார். விளைவு, 2015-இல் ஒரு லட்சத்தைத் தாண்டி, 2020-இல் ஏறக்குறைய 1.74 லட்சம். பத்தே ஆண்டில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஆயிரம் பிள்ளைகள்வரை சேரக்கூடிய பெரிய பாலர் நிலையங்களைக் கட்ட வேண்டிய நிலை வந்தது இப்படித்தான். முழுதாகக் கட்டி முடிக்கும்போது 96,000 வீடுகள் என்பது வீவகவின் திட்டம்.

அந்தத் தாமதத்தைப் பற்றி இன்னொரு விதமாகவும் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். நெருக்கடி வராமல் இருந்திருந்தால் பொங்கோலின் பெரும்பகுதி 2000-க்கும் 2006-க்கும் இடையில் ஒரே வீச்சில் நிரம்பியிருக்கும், எல்லோரும் 2035-இல் ஒன்றாக ஓய்வுபெறுவார்கள். நடந்தது என்னவென்றால் மூன்று அலைகள்: பொங்கோல் ஃபீல்ட் பக்கம் 2000-களின் தொடக்கத்தில், நீர்வழியோரம் 2010-களில், கடலை ஒட்டிய நார்த்ஷோர் 2020-களில். முதல் அலையின் பிள்ளைகள் தேசிய சேவைக்கு (கட்டாய ராணுவப் பணிக்கு) போகும் வயதில் மூன்றாம் அலையின் பிள்ளைகள் தள்ளுவண்டியில். முதல் அலைக்குக் கட்டிய பள்ளியை மூன்றாம் அலையும் பயன்படுத்தலாம், ஒரு பள்ளியின் ஆயுள் நீள்கிறது. யாரும் திட்டமிடாமல், நெருக்கடியின் பக்கவிளைவாக வந்த இந்த இடைவெளியைத்தான் மற்ற பேட்டைகளுக்கு வேண்டுமென்றே கொடுக்க வேண்டும் என்பது என் வாதம். ஆளில்லாத இலகு ரயில் நிலையத்துக்கு ஆன செலவு கண்ணுக்குத் தெரிந்தது, எல்லோரும் திட்டினார்கள். எல்லோரும் ஒரே வயதில் இருப்பதற்கு ஆகும் செலவு முப்பது வருடம் கழித்து வருவதால் யார் கண்ணுக்கும் படுவதில்லை.

கணக்கில் விழாத ஆட்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புள்ளிவிவரத் துறை வட்டார வாரியாக, வயது வாரியாக ஒவ்வோர் ஆண்டும் எண்களை வெளியிடுகிறது, யார் வேண்டுமானாலும் எடுத்துக் கூட்டிப் பார்க்கலாம், இது பாராட்டப்பட வேண்டிய பழக்கம். ஆனால் அந்த எண்கள் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணுபவை. சிங்கப்பூரில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இல்லப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள், சிறு பிள்ளைகளும் வயதான பெற்றோரும் இருக்கும் வீடுகளில்தான் அதிகம். பொங்கோல் போன்ற ஓர் ஊரில் காலையில் பாலர் பள்ளி வாசலில் பார்த்தால் தெரியும், பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது பாட்டி, அல்லது பணிப்பெண். இருவருமே புதுப் பேட்டைக்கான முன்கணிப்பில் நழுவிவிடக் கூடியவர்கள். பாட்டி தாத்தா பல நேரம் வேறொரு பழைய பேட்டையின் முகவரியில் பதிவாகியிருப்பார்கள், வார நாளில் பேரப்பிள்ளையோடு இங்கே இருப்பார்கள். பெற்றோருக்குப் பக்கத்தில் வீடு வாங்கினால் மானியம் என்று 2015-இல் அரசு தொடங்கிய திட்டம் இந்த நடமாட்டத்தை ஏற்றுக்கொண்டதன் அடையாளம்தான். அப்புறம் பகல் நேர மக்கள்தொகை. பொங்கோல் மின்னிலக்க வட்டாரத்தில் 28,000 வேலைகள் வரும் என்பது திட்டம், சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகமும் 2024-இல் அங்கே வந்துவிட்டது, அந்த ஆண்டு டிசம்பரில் பொங்கோல் கோஸ்ட் எம்ஆர்டி நிலையமும் திறந்தது. இரவில் அங்கே தூங்காத இருபது வயதுக்காரர்கள் பகலில் அங்கே சாப்பிட வேண்டும், பேருந்து ஏற வேண்டும். படுக்கையை வைத்து மட்டும் ஆட்களை எண்ணினால் மதியம் உணவங்காடியில் வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்பது புரியாது.

தமிழ்க் குடும்பங்களுக்கும் இதில் நேரடியான ஒரு சங்கதி இருக்கிறது. 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கைப்படி ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு உண்டு, அதனால் எந்தப் பேட்டையிலும் தமிழர்கள் மெல்லிய விகிதத்தில் பரவியே இருப்பார்கள். ஒரு பள்ளியில் ஒரு வகுப்பு நிலையில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இருக்கும்போது, மொத்தச் சேர்க்கை கால்பங்கு குறைந்தாலே தமிழ் வகுப்புதான் முதலில் மெலியும். பள்ளி இணைப்பு சில இடங்களில் இரண்டு சிறு தமிழ் வகுப்புகளை ஒரு சுமாரான வகுப்பாக்கும், அது நல்லதுதான். ஆனால் வயது அலை வேகமாக ஏறி வேகமாக இறங்கும் பேட்டையில் ஓர் ஆசிரியரை நிலையாக வைத்திருப்பது கடினம்.

இனி பேஷோருக்கு வருவோம். அங்கே முதலில் வந்த திட்டங்கள் "பிளஸ்" வகை. சாதாரண வீவக வீட்டை ஐந்து வருடம் குடியிருந்தபின் விற்கலாம், பிளஸ் வீட்டில் பத்து வருடம் இருந்தாக வேண்டும். நல்ல இடத்து வீட்டைக் குலுக்கலில் பெற்று, சீக்கிரமே பெரும் லாபத்துக்கு விற்பதைத் தடுக்கும் நோக்கம், அது நியாயமானது, நான் ஆதரிக்கிறேன். ஆனால் வயதுக் கணக்கில் அதற்கு ஒரு விளைவு உண்டு. ஐந்தாம் ஆண்டில் நடக்கும் மறுவிற்பனைதான் ஒரு புதுப் பேட்டையில் முதன்முதலாக வயதைக் கலக்கும் நிகழ்வு. தனியாட்கள், பதின்மவயதுப் பிள்ளைகளோடு வரும் குடும்பங்கள், பெரிய வீட்டை விற்றுச் சின்ன வீட்டுக்கு வரும் ஐம்பது வயதுக்காரர்கள், நிரந்தரவாசிகள் எல்லோரும் உள்ளே வருவது அந்த வாசல் வழியாக. வாசல் பத்து வருடத்துக்கு மூடியிருந்தால் முதல் நாள் வந்த வயதுத் தொகுதி இன்னும் இறுக்கமாக ஒட்டியே இருக்கும். கடலோரம், ரயில் பக்கம், யாருக்குக் கிளம்ப மனம் வரும்? மரீன் பரேட்டில் முதலில் வந்தவர்களில் பலர் கிளம்பாமல் இருந்ததற்கும் அந்த இடத்தின் அருமைதான் காரணம்.

இதற்கு எதிர்த்திசையில் இழுக்கும் சில நல்ல மாற்றங்களும் வந்திருக்கின்றன. 2024 அக்டோபரிலிருந்து 35 வயதைத் தாண்டிய தனியாட்கள் எல்லாப் பேட்டைகளிலும் புதிய ஈரறை வீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். 55 வயதைத் தாண்டியவர்களுக்கு அதே ஈரறை வீடு 15 முதல் 45 ஆண்டுவரையிலான குறுகிய குத்தகையில் கிடைக்கிறது. பராமரிப்புச் சேவையும் சேர்த்தே வரும் முதியோர் வீடுகளின் முதல் திட்டம் 2021-இல் புக்கிட் பாத்தோக்கில் விற்பனைக்கு வந்தது. அட்மிரல்டியில் 104 முதியோர் வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி, பாலர் நிலையம், முதியோர் நிலையம் எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் அடுக்கிய கம்போங் அட்மிரல்டி 2018-இல் அதிகாரபூர்வமாகத் திறந்தபோது உலகமே வந்து பார்த்தது. இப்படி ஒன்றைப் பழைய பேட்டையில் மருந்தாகக் கொடுப்பதைவிடப் புதிய பேட்டையின் முதல் நாளிலேயே வைத்தால் என்ன? பேஷோரின் வீவக வீடுகளில் ஐந்தில் ஒன்றோ ஆறில் ஒன்றோ முதியோருக்கும் தனியாட்களுக்கும் போனால், வயதுக் கோபுரத்தில் முப்பதுகளில் இருக்கும் பெரிய வீக்கம் அந்த அளவுக்குத் தணியும். பிள்ளைகளின் எண்ணிக்கை உச்சம் தொடும் ஆண்டில் பள்ளிக்கு வரும் நெருக்கடி குறையும், நாற்பது வருடம் கழித்து மருத்துவ நிலையத்துக்கு வரும் நெருக்கடியும் குறையும்.

இப்படி இடைவெளி விட்டுச் செய்ய வேண்டும் என்பதை அரசே இன்னொரு இடத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. வீவக வீடுகளுக்குப் பொதுவாக 99 ஆண்டு குத்தகை, 1970-களிலும் 80-களிலும் அவசர அவசரமாகக் கட்டியவை எல்லாம் ஏறக்குறைய ஒரே காலத்தில் குத்தகை முடியும். அதனால்தான் 2018-இல் லீ சியன் லூங் "வெர்ஸ்" என்ற திட்டத்தை அறிவித்தார்: ஏறத்தாழ 70 வயதான கட்டடங்களை, குடியிருப்பவர்கள் வாக்களித்துச் சம்மதித்தால், அரசு திரும்ப வாங்கி, இருபது முப்பது ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுப்பிக்கும். மரீன் பரேட்டின் கட்டடங்களுக்கு 2040-களின் நடுவில் 70 வயதாகும். இடிப்பதைப் பரவலாக்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. குடியேற்றுவதையும் அப்படியே பரவலாக்கினால் இடிக்கும்போது இந்தத் தலைவலியே வராது.

முன்கணிப்பைப் பொதுமக்களிடம் வெளிப்படையாக வைப்பதில் ஒரு தயக்கம் இருப்பது புரிகிறது. 2013 மக்கள்தொகை வெள்ளை அறிக்கையில் 2030-க்கு 69 லட்சம் என்ற எண் வந்தபோது ஹோங் லிம் பூங்காவில் ஆயிரக்கணக்கானோர் எதிர்ப்புத் தெரிவிக்கக் கூடிவிட்டார்கள். அது இலக்கு அல்ல, திட்டமிடுவதற்கான அளவு மட்டும்தான் என்று அரசு திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. 2024 ஜூனில் மொத்த மக்கள்தொகை 60.4 லட்சம். எண் ஒன்று வெளியே வந்தால் அதன்மேல் அரசியல் ஏறிவிடும் என்ற பயம் நியாயமானதுதான். ஆனால் ஒரு பேட்டையின் வயதுக் கணக்கு அப்படிப்பட்ட எண் அல்ல. வீடு வாங்கப் போகும் இளம் ஜோடிக்கு விலைப்பட்டியலோடு சேர்த்து, இந்தப் பேட்டையில் 2035-இல் ஏழு வயதுப் பிள்ளைகள் இத்தனை, 2060-இல் 75 வயதைத் தாண்டியவர்கள் இத்தனை என்று ஒரு பக்கம் அச்சிட்டுக் கொடுத்தால், அவர்கள் தங்கள் பிள்ளைக்கும் தங்கள் முதுமைக்கும் சேர்த்து யோசிப்பார்கள். ஆஸ்திரேலியாவில் பல நகர மன்றங்கள் புறநகர் புறநகராக இப்படி வயதுவாரி முன்கணிப்பை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கின்றன, ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

மரீன் பரேட்டுக்கும் பேஷோருக்கும் முன்னால் இருக்கும் அதே கடலில் இன்னும் ஒரு பெரிய வேலை வரப்போகிறது. கடல் மட்டம் இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் ஒரு மீட்டருக்கும் மேல் உயரக்கூடும் என்பதால், தாழ்வான கிழக்குக் கரையைக் காப்பாற்ற "லாங் ஐலண்ட்" என்று சுமார் 800 ஹெக்டர் நிலத்தைக் கடலிலிருந்து எடுக்கும் திட்டத்தை 2023 நவம்பரில் அறிவித்தார்கள். பேஷோரைப்போலப் பதின்மூன்று மடங்கு. பல பத்தாண்டுகள் பிடிக்கும் வேலை, அங்கே குடியேறப் போகிறவர்களில் பலர் இன்னும் பிறக்கவே இல்லை. பூங்கா வேண்டும், கடற்கரை வேண்டும், சைக்கிள் பாதை வேண்டும் என்று மக்கள் கருத்துச் சொல்வார்கள், சொல்லட்டும். அடுத்த கருத்துக்கேட்பில் யாராவது எழுந்து இதையும் கேட்க வேண்டும்: அங்கே கைமாறப்போகும் முதல் சாவிக்கும் கடைசிச் சாவிக்கும் இடையில் எத்தனை ஆண்டு விடப் போகிறீர்கள், ஒவ்வொரு அலையிலும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு எத்தனை வீடு?